முகத்தில் ஒரு சந்தேகம்

"முகத்தில ஒரு சந்தேகமாம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் கல்யாணத் தரகர் கனகசிங்கம் இதைச் சொன்னபோது கேதீஸ்வரி குசினி வாசலில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மீன் கைநழுவிச் சட்டிக்குள் விழுந்தது. ஈரக் கையோடு போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆர்ர முகத்தில அண்ணன்?"

"உண்ட தம்பிர முகத்திலதான். பொம்பிளை வீட்டுக்காரர் படத்தப் பார்த்திட்டு இன்னொரு படம் கேட்டாங்க. அதையும் அனுப்பினன். இப்ப என்னெண்டா படமே வேணாமாம். ஞாயிற்றுக்கிழமை நேரில வந்து பாக்கப்போறாங்களாம்."

"என்ன சந்தேகமெண்டு கேட்கல்லியா?"

"கேட்காம இருப்பனா? 'வந்து பார்த்திட்டுச் சொல்லுறம்' எண்டாங்க. அதுக்கு மேல ஒரு சொல்லு வரல்ல. கல்லடி ஊர்க்காரர்ர வாயத் திறப்பிக்கிறது லேசான வேலையா?"

கனகசிங்கம் போனை வைத்துவிட்டார். கேதீஸ்வரி மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள். சந்தேகம் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அதைத் தன் கையாலேயே அழித்தவள் அவள்தானே.

அவளுடைய தம்பி பிரதீஸ் வாழைச்சேனைத் துறையில் படகு இஞ்சின் திருத்துகிறவன். நாள் முழுக்க வெயிலிலும் கிறீஸிலும் கிடக்கிற வேலை. எப்போதோ இடக்கன்னத்தில் வந்த மூன்று பருக்களைக் கறுத்த கையால் கிள்ளிவிட்டான். அதற்கு மேல் வெயில் பட்டு, அவை மூன்றும் புள்ளியாக நிலைத்துவிட்டன. அடுப்புக் கல் வைத்த மாதிரி, மேலே இரண்டு, கீழே ஒன்று. அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்பட்டதெல்லாம் அக்காதான். பெண் வீட்டுக்குப் படம் அனுப்பும்போது, போனில் முகத்தை அழகாக்குகிற ஆப் ஒன்றைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினாள். புள்ளிகள் போய்விட்டன. புள்ளியோடு சேர்த்துப் பிரதீஸும் போய்விட்டான் என்றுதான் சொல்லவேண்டும்.

"இதாரு?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டான் அவன்.

"நீதான்."

"எனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?"

"அது ஆப் தானாப் பெரிசாக்கினது. வாய மூடிக்கிட்டு இரு."

படத்தில் இருந்தவனுடைய முகம் அவித்து உரித்த முட்டை மாதிரி இருந்தது. அந்த முட்டைதான் இரண்டு தரமும் கல்லடிக்குப் போனது.

மற்ற ஊர்களில் பெண்ணை அலங்கரித்து இருத்திவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டுப் பார்ப்பார்களாம். மட்டக்களப்புப் பக்கத்தில் அந்தக் கதை இல்லை. இங்கே பெண் வீட்டார்தான் வாழைப்பழமும் பலகாரமும் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். மாப்பிள்ளை புதுச் சேட்டுப் போட்டுக் கதிரையில் இருந்து பார்க்கப்படுவான். பிடித்துப்போனால் கல்யாணத்தோடு பெண்ணின் வீட்டுக்கே குடிபோய்விடுவான். வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். பிரதீஸ் இப்போது இருப்பதும் அக்காவின் சீதன வீட்டில், விறாந்தைக் கட்டிலில். கட்டாரில் வேலை செய்யும் அத்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கட்டிலும் கிணற்றடிக் கொட்டிலுக்குப் போய்விடும்.

ஆனால் அவனுக்கு அவசரம் கட்டிலுக்காக இல்லை. கனகசிங்கம் கொண்டுவந்த படங்களில் பெண்கள் எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். கம்சாயினி மட்டும் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்லடியில் பாலர் பாடசாலை ரீச்சராம். அந்தச் சிரிப்பை அவன் துறையில் இரண்டு இஞ்சினுக்கு நடுவில் எடுத்துப் பார்ப்பான்; கிறீஸ் படாமல் முழங்கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் தன் மனம் உடைந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவனிடம் கேதீஸ்வரி விஷயத்தைக் கொட்டினாள்.

"நல்லதுதானே அக்கா," என்றான் அவன். "வரட்டும். நான் புள்ளியோட இருக்கிறன். பார்த்திட்டுச் சொல்லட்டும்."

"எப்பிடிடா? படத்தில இல்லாத புள்ளி முகத்தில இருந்தா, ஏமாத்துக்காரக் குடும்பம் எண்டு சொல்லமாட்டாங்களா? ஏற்கெனவே கதிரவெளிக்காரர் உன்னால கோபிச்சுக்கிட்டுப் போனது காணாதா?"

"அது எண்ட பிழையா? மழைக்குள்ள பொம்பிளையள் மூணு பேர் வானோட நடுறோட்டில நிண்டாங்க."

"ஓம். அவங்க நிண்டாங்க. இஞ்ச மாப்பிள்ளை பார்க்க வந்த ஆக்கள் விறாந்தையில இருந்து இருந்து எழும்பிப் போனாங்க. நீ ஓட்டமாவடிப் பாலத்தடியில ஆரோ ஒருத்திர வானுக்குக் கீழ கிடந்த. ஆரெண்டாவது கேட்டியா?"

"இருட்டு அக்கா. டீசல் போற குழாய் மூட்டுக் கழண்டு போச்சு. கம்பி வைச்சுக் கட்டினன். ஆரோ ஒரு பிள்ளை குடையோட நிண்டு போன் லைட் பிடிச்சிது. நான் நிமிர்ந்தே பாக்கல்ல."

"பாரு, ஆளையும் பாக்கல்ல, பேரும் கேக்கல்ல! ஞாயிற்றுக்கிழமை ஆர்ர வண்டி நிண்டாலும் நீ கதிரைய விட்டு எழும்பப்படாது. எண்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பிரதீஸ் சத்தியம் பண்ணினான். அக்காவின் தலையில் அடிக்கவில்லை, சும்மா தொட்டான்.

கேதீஸ்வரி உடனே வேலையைத் தொடங்கினாள். போனில் 'கரும்புள்ளிக்கு வீட்டு வைத்தியம்' என்று தேடினால் ஆயிரம் பேர் கையில் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். ஒருத்தி கஸ்தூரி மஞ்சளும் தயிரும் என்றாள். தயிருக்குப் பஞ்சமில்லை, வீட்டில் ஒரு முட்டி எருமைத் தயிர் இருந்தது. கஸ்தூரி மஞ்சள்தான் இல்லை. மஞ்சள் மஞ்சள்தானே என்று கறிக்கு வைத்திருந்த தூளில் அள்ளிப் போட்டுக் குழைத்தாள்.

"அக்கா, மீன் பொரிக்கப் போறமாதிரி மணக்குது."

"அசையாதடா! காயட்டும்."

காய்ந்தது. நன்றாகவே காய்ந்தது. கேதீஸ்வரி தொலைக்காட்சி நாடகத்தில் மாமியார் ஒருத்தி நஞ்சு வைப்பதைப் பார்த்து மெய்மறந்திருந்தாள். பிரதீஸ் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டான். கழுவும்போது சவர்க்காரம் மஞ்சளானது. துவாய் மஞ்சளானது. கிணற்றடிக் கல் மஞ்சளானது. முகம் மட்டும் நிறத்தை விடவே இல்லை. அந்த மஞ்சளுக்கு நடுவில் மூன்று புள்ளியும் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தன.

மறுநாள் துறையில் இறங்கியதும் படகு முதலாளி அவனைக் கண்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"டேய், கண்ணக் காட்டு."

"கண்ணுக்கு ஒண்டுமில்ல முதலாளி."

"உனக்குத் தெரியாதுடா. இது செங்கமாரி, மஞ்சக் காமாலை. அங்கால போ, அங்கால போ, எண்ட கோப்பையத் தொட்டிராத!"

சற்று நேரத்தில் யாரோ ஒருவர் வேரோடு பிடுங்கிய கீழ்க்காய்நெல்லிக் கட்டு ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டுத் தன் கையைக் கழுவப் போனார். இன்னொருவர் எண்ணெய்ச் சாப்பாடு கூடாது என்றார். மூன்றாவது ஆள், தன் மச்சான் இதே நோயில் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினார். பிரதீஸ் இஞ்சின் கழற்றும் சாவிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் வந்து சேர்வதற்குள் கனகசிங்கத்தின் போன் வந்துவிட்டது.

"கேதீஸ்வரி, மாப்பிள்ளைக்குச் செங்கமாரியாமே? துறை முழுக்க இதுதான் கதை. கல்லடிக்கு எட்டினா என்ன செய்யிற?"

"ஐயோ அண்ணன், அது மஞ்சள்! கறி மஞ்சள்!"

"மாப்பிள்ளைக்கு என்னத்துக்குக் கறி மஞ்சள்?"

கேதீஸ்வரி சுவரில் தொங்கிய சாமிப் படத்தைப் பார்த்தாள். பிறகு, "மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன்," என்றாள்.

"அடடா, அப்பிடியா! பக்தியான பொடியன் எண்டு சொல்லிவிடுறன்." கனகசிங்கம் சந்தோசமாகப் போனை வைத்தார். படத்துக்கு ஒரு பொய் சொன்னவள், இப்போது மாரியம்மனையும் அதில் மாட்டிவிட்டாள்.

மஞ்சளை எடுக்கவேண்டுமே. பிரதீஸ் ஓட்டமாவடியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றிப்ஷானிடம் போனான். இருவரும் சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள். றிப்ஷான் அவனைக் கண்டதும் கல்லாவில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடிய வெகுநேரம் ஆனது.

"மச்சான், இதுக்குப் போய் அழுவியா? சட்டையில மஞ்சள் பட்டா எங்கட உம்மா தேசிக்காய்தான் தேய்க்கிற. மஞ்சளும் போகும், புள்ளியும் போகும். ஒரே அடி!"

கடைக்குப் பின்னால் வைத்து றிப்ஷானே புளிச்சாறு வடியத் தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகமெல்லாம் தேய்த்துவிட்டான். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அந்த நேரம் பார்த்து நடுக்கடலில் ஒரு படகு இஞ்சின் நின்றுவிட்டதென்று அழைப்பு வந்தது. பிரதீஸ் கழுவக்கூட நேரமில்லாமல் இன்னொரு படகில் ஏறிப் போனான். உச்சி வெயிலில், நிழல் இல்லாத கடலில், முகத்தில் தேசிக்காய்ச் சாற்றோடு இருந்து இஞ்சினைக் கழற்றிப் பூட்டினான்.

பின்னேரம் கண்ணாடியில் பார்த்தபோது முகத்தில் மஞ்சள் மறைந்திருந்தது, கழுத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். கேதீஸ்வரி சந்தோசத்தில் அவனுக்கு இறால் பொரித்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் எழும்பியபோது முகம் வெந்து சிவந்திருந்தது. மூன்று புள்ளிகளையும் பார்த்தால் யாரோ கரிக்கட்டியால் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதுவரை அவை பழுப்பு, இப்போது கறுப்பு.

"தேசிக்காய் போட்டா வெயிலுக்குப் போகப்படாது எண்டு நான் சொல்லல்லியா?" என்று றிப்ஷான் போனில் கேட்டான்.

"இல்ல."

"சரி, இப்ப சொல்லுறன். போகாத."

"உன்ன நான் நேரில காணக்குள்ள பேசிக்கிறன்."

"கோவிக்காத மச்சான். உம்மாட்டச் சொன்னன். அவ உனக்கெண்டு பப்பாசியும் தேனும் குடுத்துவிட்டிருக்கிறா. சூட்ட அமத்துமாம், புள்ளியக் கழட்டுமாம். ஆமினா உம்மாட கை மருந்து பிழை விடுறதில்ல."

ஆமினா உம்மாவின் மருந்து பிழை விடவில்லை, அதை நாம் சொல்லத்தான் வேண்டும். பிழை விட்டது ஆடு.

கனிந்த பப்பாசியைப் பிசைந்து தேன் விட்டு, கேதீஸ்வரி தம்பியை முற்றத்து வேம்புக்குக் கீழே பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து முகமெங்கும் அப்பினாள். வீடியோவில் இருந்தவள் கண்ணுக்கு வெள்ளரிக்காய் வட்டம் வைக்கச் சொன்னாள். வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. பிரதீஸ் கண்ணை மூடிக்கொண்டு கம்சாயினியின் சிரிப்பை நினைத்தான். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் ஏதோ ஈரமாக, சொரசொரவென்று, அன்பாகத் தடவியது.

"அக்கா, காணும், விடு அக்கா," என்றான்.

தடவல் நிற்கவில்லை. இடக்கண் வெள்ளரிக்காய் காணாமல் போனது. கண்ணைத் திறந்தான். பக்கத்து வீட்டுக் கிடாய் தாடியில் தேன் வடிய, வலக்கண் வெள்ளரிக்காயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மோய்!" என்று துள்ளி எழும்பினான். அதுவும் பயந்து துள்ளியது. கொம்பு வலக்கன்னத்தில் இழுத்துவிட்டது. இந்தக் கோலத்தில்தான், பப்பாசியும் இரத்தமும் வடிய அவன் கிடாயை முற்றம் முழுக்கத் துரத்திக்கொண்டிருக்கும்போதுதான், கனகசிங்கம் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

அவர் ஒதுங்கிக் கிடாய்க்கு வழிவிட்டார். பிறகு விறாந்தையில் இருந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த முகத்துக்கா நான் 'மாசு மறு இல்லாத முகம்' எண்டு வாய்ச்சாட்சி சொன்னனான்?" என்று கேட்டார்.

"அண்ணன், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள..." என்று கேதீஸ்வரி இழுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இன்னும் என்ன செய்யப்போற? வாத்து, மாடெல்லாம் மிச்சம் இரிக்கா? நான் ஏதாவது சாட்டுச் சொல்லி இதை நிப்பாட்டிவிடட்டா?"

"வேணாம் அண்ணன்," என்றான் பிரதீஸ். முகத்தைச் சாரனால் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றான். "அவங்க வரட்டும். நான் உள்ளதச் சொல்லுறன். படம் பொய், முகம் இதுதான் எண்டு சொல்லுறன். பிடிக்காட்டிப் போகட்டும்."

கேதீஸ்வரி அழுதுவிட்டாள். "நீ உள்ளதச் சொன்னா நான் என்னடா ஆகிற? படத்த மாத்தினவள் நான். அம்மா இல்லாத பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் பார்ப்பமெண்டு செய்தன். நாளைக்குக் கல்லடி முழுக்கப் 'பொய்க்காரிர தம்பி' எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு உனக்கு ஆர் பொம்பிளை தருவாங்க?"

அக்கா அழுதால் பிரதீஸுக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "சரி அக்கா, அழாத. நீ சொல்லுற மாதிரியே இருக்கிறன்," என்றான். சொல்லும்போதே அவனுக்கு நெஞ்சு பாரமாக இருந்தது.

இயற்கை வைத்தியம் எல்லாம் கைவிட்டபின் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேதீஸ்வரி செயற்கைக்கு மாறினாள். மணப்பெண் அலங்காரம் செய்கிற சிநேகிதி ஒருத்தியிடம் இருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். முதலில் ஒரு களிம்பு. அதன்மேல் இன்னொரு களிம்பு. அதன்மேல் பவுடர். கிடாய் கீறின இடத்துக்குத் தனியாக ஒரு பூச்சு. சுவருக்குக் கூட இவ்வளவு பூசமாட்டார்கள். முடிவில் மூன்று புள்ளியும் மறைந்தன.

"சிரிக்காத," என்றாள். "வெடிக்கும்."

"கதைக்கலாமா?"

"கொஞ்சமா. ஓம், இல்ல, மட்டும்."

சொன்ன நேரத்துக்கு ஒரு பழைய வெள்ளை வான் வந்து படலையடியில் நின்றது. கம்சாயினியின் பெரியம்மா கண்ணகை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினாள். வானை ஓட்டிவந்த மாமா பலகாரப் பெட்டியோடு பின்னால் வந்தார். பெண் வருவது வழக்கமில்லை, வீட்டில்தான் இருப்பாள். கனகசிங்கம் எல்லாரையும் கதிரைகளில் இருத்தினார். பிரதீஸ் மின்விசிறிக்கு நேர் கீழே, தலையை அசைக்காமல் இருந்தான்.

கண்ணகை போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். பிரதீஸைப் பார்த்தாள். எழும்பி வந்து இடப்பக்கமாக நின்று பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள்.

"படத்தில இரிக்கிற மாதிரியேதான் இரிக்கிறார்."

கேதீஸ்வரிக்கு உயிர் திரும்பி வந்தது. குசினிக்குள் ஓடிப்போய்ச் சந்தோசத்தில் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள். அவள் திரும்பி வந்தபோது மாமா பலகாரப் பெட்டியைத் தன் காலடிக்கு இழுத்து வைத்திருந்தார். கண்ணகை வாழைப்பழச் சீப்பை இன்னும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"நேர்த்தி எல்லாம் முடிஞ்சுதா தம்பி?" என்று மாமா மரியாதைக்குக் கேட்டார்.

"என்ன நேர்த்தி?" என்றான் பிரதீஸ்.

கேதீஸ்வரி அவன் காலை மிதித்தாள். "ஓம்," என்றான் உடனே.

"தேத்தண்ணி குடிங்க மாமி," என்றாள் கேதீஸ்வரி.

"இருக்கட்டும் புள்ள. இப்பதான் குடிச்சம்." கண்ணகை எழும்பினாள். குரலில் கோபம் இல்லை, ஒரு சலிப்புத்தான் இருந்தது. "சரி, நாங்க போய்ச் சொல்லி அனுப்புறம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று மட்டக்களப்பில் நாய்க்கும் தெரியும். கேதீஸ்வரி கையில் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். கனகசிங்கம் கூரையைப் பார்த்தார். புள்ளியெல்லாம் மறைத்தும், சொன்னபடி சிரிக்காமல் இருந்தும், கம்சாயினியின் சிரிப்பு பிரதீஸின் கையை விட்டுப் போகிறதே!

அவர்கள் வானில் ஏறினார்கள். மாமா சாவியைத் திருப்பினார். வான் கொர கொர என்று இழுத்துவிட்டு நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி இழுத்துவிட்டு நின்றது.

பிரதீஸின் கால் தன்பாட்டில் அசைந்தது. கேதீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"எழும்பினியெண்டா காலை முறிப்பன்."

"டீசல் போற குழாயில காத்து, அக்கா."

"என்னவோ இருக்கட்டும். அவங்க நடந்து போகட்டும். நீ சத்தியம் பண்ணினது!"

மாமா மூன்றாவது தரமும் திருப்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிற அளவுக்குப் பிரதீஸின் மனம் கல்லில்லை. "போகட்டும் அக்கா, எப்பிடியும் வேணாமெண்டுதானே சொல்லப் போறாங்க," என்று சேட்டைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு படலையடிக்குப் போனான். அப்படியே மணலில் மல்லாந்து வானுக்குக் கீழே புகுந்துவிட்டான்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. இவ்வளவு நேரமும் இல்லாத தெளிவோடு வந்தது.

"மாமா, ஒரு குறடு இருந்தாத் தாங்க. குழாய் மூட்டில கம்பி தளர்ந்திரிக்கு. பரவாயில்ல, இதை ஆரோ விசயம் தெரிஞ்சவன்தான் கட்டியிருக்கான். இவ்வளவு நாளும் தாங்கினதே பெரிய காரியம்!"

வெயில் ஏறியிருந்தது. வானுக்குக் கீழே சூடு வேறு. வேர்வை ஆறாக ஓடி கண்ணுக்குள் போனது. அவன் கிடந்தபடியே பக்கத்தில் கிடந்த டீசல் துணியால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தான். பிறகு இன்னொரு முறை. கம்பியை முறுக்கினான். கைப்பம்பை அமுக்கிக் காற்றை எடுத்தான்.

"இப்ப அடிங்க மாமா!"

வான் ஒரே திருப்பில் உறுமி எழும்பியது. பிரதீஸ் வெளியே வந்து நிமிர்ந்து நின்றான். கேதீஸ்வரி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பூச்செல்லாம் போய்விட்டது. சிவந்த முகம், கழுத்தில் மஞ்சள், வலக்கன்னத்தில் கிடாய் இழுத்த கீறல், இடக்கன்னத்தில் கரிக்கட்டிக் கறுப்பில் மூன்று புள்ளி.

பிரதீஸ் கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். கையில் களிம்பு ஒட்டியது. அவனுக்கு விளங்கிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் ஏனோ அவனுக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. வெகு நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு வந்த மாதிரி இருந்தது.

"மாமி," என்றான், வான் யன்னலடிக்குப் போய். "இதுதான் எண்ட முகம். படத்தில இருந்ததும் பொய், இப்ப கதிரையில இருந்ததும் பொய். அக்காவில பிழை இல்ல, நான் நல்லா இருக்கவேணுமெண்டுதான் அவ செய்தவ. எனக்கு உங்கட பிள்ளையப் பிடிச்சிரிக்கு. ஆனா உங்களை ஏமாத்திக் கட்ட மனசில்ல. கோவிக்காம போயிட்டு வாங்க."

கனகசிங்கம் தலைக்கவசத்தை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார், வீட்டுக்குப் போக அல்ல, முகத்தை மறைக்க.

கண்ணகை வானை விட்டு இறங்கினாள். பிரதீஸின் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். தன் சேலைத் தலைப்பால் அவன் இடக்கன்னத்தில் மிச்சமிருந்த பவுடரை அழுத்தித் துடைத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாள்; மேலே இரண்டு, கீழே ஒன்று. பிறகு வானுக்குள்ளிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்து, வாயைப் பிளந்துகொண்டு நின்ற கேதீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, போனைக் காதில் வைத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"புள்ள கம்சாயினி, நீ கேட்ட ஆள்தான்கா! அண்டைக்கு மழைக்குள்ள, ஓட்டமாவடிப் பாலத்தடியில இந்த வானத் திருத்தக்குள்ள நீ லைட் பிடிச்சுக்கொண்டு நிண்டு பார்த்த மூணு புள்ளியும் இஞ்ச அப்பிடியே இரிக்கு. படத்திலயும் புள்ளி இல்ல, கதிரையில இருந்த முகத்திலயும் புள்ளி இல்ல, துறையில இஞ்சின் திருத்திற பொடியன நாங்க கேக்க, தரகர் வேற ஆரையோ காட்டுறாரெண்டு வேணாமெண்டுபோட்டுத் திரும்பி வரத்தானே வெளிக்கிட்டம்!"